இல் என்னும் சொல்

'இல்' என்பதற்கு வீடு என்றும் பொருள், இன்மை என்றும் பொருள். இவ்விரண்டும் ஒருசேர எதிர்ப்படும் இடம், அரசு வீட்டுக்கான விண்ணப்பம்.

தமிழக அரசு 2024இல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், ஊரகக் குடிசைவாசிகளுக்கு 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் என வகுத்தது. நல்ல நோக்கம், ஐயமில்லை. ஆனால் மனை சொந்தமாக இருக்க வேண்டும், பட்டா வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஓடைப் புறம்போக்கில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர் பட்டாவுக்கு எங்கே போவார்? வருவாய்த்துறையின் வாசலுக்குத்தான். நீர்நிலை என்றால் அங்கும் வழியில்லை. ஆக, மண்ணுள்ள ஏழைக்கு வீடு; மண்ணுமற்ற ஏழைக்கு மறுபடியும் குடிசை. நிலத்தின் வகையைக் குறித்த 'புறம்போக்கு' மனிதரை ஏசும் வசவானது தற்செயலன்று.

நிபந்தனையே கூடாதென்று நான் வாதிடவில்லை. உரிமையற்ற மண்ணில் எழும் வீடு நாளையே இடிபடலாம். ஆயின் பட்டாவை, விண்ணப்பதாரர் கொண்டுவர வேண்டிய தகுதியாக ஏன் கருத வேண்டும்? அரசு தரவேண்டிய முதல் தவணையாகக் கருதலாமே. பட்டா இல்லையென்று கணக்கெடுப்பில் விடுபடும் பெயர்களே மனைப்பட்டா வழங்கும் பட்டியலாகட்டும். நீர்நிலையோரத்தில் இருப்போருக்கு அதே ஊரில் மாற்று மனை கிடைக்கட்டும். இரண்டு துறைகளுக்கும் ஒரே விண்ணப்பம் போதும்.

இல்லாதவரிடம் 'இருப்பதைக் காட்டு' என்று கேட்பது எவ்வகை அறம்?