கேமரா மேல் பழி போடாதீங்க!

விற்கப்போகும் ஃப்ளாட்டுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து 360 டிகிரி டூர் ஒன்றைத் தயார் செய்கிறீர்கள். லேப்டாப்பில் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், கறுப்புத் திரையும் 'ஃபைலை அணுக முடியவில்லை' என்ற எரரும்தான் வருகின்றன. 'கேமரா சொதப்பிடுச்சு' என்று மறுபடி ஷூட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். படம் நன்றாகவே இருக்கலாம்.

கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கம், பக்கத்திலுள்ள இன்னொரு ஃபைலைப் படிக்க குரோம் விடாது. பாதுகாப்புதான் காரணம். 'பேனலம்' போன்ற இலவச வியூவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பைத்தானோடு வரும் குட்டி சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறந்து பாருங்கள்.

லேப்டாப்பில் ஓடுது, போனில் மட்டும் படுத்துடுதா? சைஸ்தான் வில்லன். 8,192 பிக்சல் அகலப் படத்தை ஒரே வாயில் விழுங்க எல்லா போனாலும் முடியாது. பழைய போன்கள் பலவற்றுக்கு 4,096தான் எல்லை. படத்தைச் சின்ன டைல்களாக வெட்டும் வசதி பேனலத்திலேயே உண்டு. உங்கள் புது போனில் ஓடியதை நம்பி லிங்க்கை அனுப்பாதீர்கள். வீடு பார்க்க வருபவர் கையில் எந்த போன் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டிலிருக்கும் பழைய போனில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

படம் வந்தும் சுவரெல்லாம் இழுத்த மாதிரி தெரிந்தால், அகலம் உயரத்தைப் போல சரியாக இரண்டு மடங்கா என்று பாருங்கள்.

ஃப்ளாஷில் செய்த பழைய டூர்களின் கதை வேறு. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஒரிஜினல் படங்களை வைத்திருந்தவர்கள் புதிதாகச் செய்துகொள்ளலாம். காசு கொடுத்து டூர் செய்யும்போது லிங்க்கோடு நிறுத்தாமல், படங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.