மாரிகுப்பத்தோடு நின்ற பாதை

வெள்ளைக்காரன் ரயில் விட்டதால்தான் ஊர்கள் வளர்ந்தன என்று பள்ளியில் படிக்கிறோம். எந்த ஊர் வளர்ந்தது, யார் வளர்ந்தார்கள் என்று பாடம் சொல்வதில்லை. வட ஆர்க்காட்டுச் சேரிகளுக்கு மிக நெருக்கமான ஒரு பாதையை வைத்து அதைக் கேட்டுப் பார்ப்போம்.

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ரயில் ஓடியது. 1864இல் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் பாதை போனது. ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கிய பிறகு, 1894இல் இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து சுரங்கங்களுக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். நீளம் 16 கிலோமீட்டர்தான். இயந்திரமும் ஆளும் உள்ளே போக வேண்டும், தங்கம் வெளியே வர வேண்டும். அதற்கு மேல் அந்தப் பாதைக்கு வேலை இல்லை. மாரிகுப்பத்தோடு நின்றுவிட்டது.

உள்ளே போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். ஆண்டையின் களத்தில் கூழுக்கும் படிநெல்லுக்கும் உழைத்தவர்கள், ரயிலேறிப் போய்க் கையில் காசாகக் கூலி வாங்கினார்கள். இதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிகுப்பத்தில் வேரூன்றியதும், அவர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து நடத்தியதும் அந்தக் கூலிக்காரர்களின் ஆதரவில்தான். ஆண்டை ஊரிலேயே கிடந்திருந்தால் பத்திரிகையா நடத்தியிருக்க முடியும்?

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தோண்டியவர்களுக்கு மிஞ்சியது நுரையீரலில் படிந்த கல்தூசியும், சொந்தமில்லாத லைன் வீடும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நாலு பக்கமும் பாதை போகும் ஊரில் ஒரு தொழில் படுத்தால் இன்னொன்று வரும். முட்டுச்சந்தில் நிற்கும் ஊருக்கு ஒரே முதலாளி. அவன் போனால் எல்லாம் போச்சு.

தண்டவாளம் மட்டும் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் அந்த ரயிலில் தொற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறார்கள். துப்புரவு வேலை, காவல் வேலை, கார்மென்ட்ஸ், கட்டடம். வீடு திரும்ப இரவாகிறது. அன்று தாத்தாவைக் கூலிக்காக உள்ளே கொண்டுவந்த அதே பாதை, இன்று பேரனைக் கூலிக்காக வெளியே கொண்டுபோகிறது. உள்ளூரில் வேலை உண்டாக்கத்தான் யாருமில்லை.

மாரிகுப்பத்தைக் குப்பத்தோடு இணைக்கும் சுமார் 24 கிலோமீட்டர் பாதை ஒப்புதல் பெற்றும் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. குப்பம் ஜோலார்பேட்டை – பெங்களூர் முதன்மைப் பாதையில் இருப்பதால், முட்டுச்சந்து திறந்துவிடும். அதை முடிக்க வேண்டும் என்று கேட்கிறோம். கூடவே, சுரங்க நிலத்தில் வரும் எந்தத் தொழிற்சாலையிலும் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் இடம் என்பதை, நிலத்தைக் கொடுக்கும்போதே அரசு எழுத்தில் தர வேண்டும்.