பிளேக்கைப் பித்தர் என்பதோ?

1809இல் வில்லியம் பிளேக் இலண்டனில் தம் தமையனார் கடையில் ஓவியக் காட்சி நடத்தியபோது, ‘எக்ஸாமினர்’ இதழ் அவரைப் பித்தர் என்று பழித்தது. அப்பழியை யாம் ஏற்கோம். குறியீடுகளைப் பாதியே படித்துவிட்டு, விளங்காத மீதியைப் பித்து என்பது முறையோ?

எம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ‘புலி’ வெறும் விலங்குப் பாட்டு! 1789இல் வெளியான ‘ஆட்டுக்குட்டி’யை அருகில் வைத்தாலன்றோ, மென்மைக்கும் கொடுமைக்கும் கர்த்தா ஒருவர்தாமோ என்று 1794இல் அவர் எழுப்பிய சமய வினா விளங்கும்?

சொல்லையும் சித்திரத்தையும் ஒரே செப்புத்தகட்டில் அமைத்து அச்சிட்டு, மனைவி கேத்தரின் துணையுடன் வண்ணம் தீட்டியவர் அவர். சித்திரத்தைக் களைந்து செய்யுளை மட்டும் அச்சிடும் பாடநூலாரை என்னென்பது! பாட்டிலே கனன்றெரியும் அப்புலி, அவர் வரைந்த பல பிரதிகளில் வீட்டுப்பூனைபோல் சாதுவாய் நிற்கின்றது. அம்முரணைக் கண்டிருந்தால் எம் பிள்ளைகள் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பர்!