பட்டவனுக்கு ஒரு நாற்காலி

"நோயாளிக்கு நோயாளி துணையா? குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதையாக அல்லவா இருக்கிறது!" என்று கேட்கிறார்கள், நன்றாகப் படித்தவர்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் சிரிக்கிறார்கள். கேள்வியின்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சிரிப்பின்மேல்தான் கோபம்.

விஷயம் இது. மனிதனை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்கிற மனநோய் ஒன்று உண்டு. சில வாரம் தூக்கமே வேண்டாத உற்சாகம். ஊரையே விலைக்கு வாங்கிவிடுகிற பேச்சு. கையில் இருப்பதையும் கடன் வாங்கியதையும் வாரி இறைக்கிற தாராளம். அப்புறம் மாதக்கணக்கில் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாத இருட்டு. டாக்டர்கள் இதை இருமுனை மனநோய் என்கிறார்கள். பைபோலார் என்றும் சொல்லுவார்கள். நம் ஜனங்களோ முதல் பாதிக்குக் 'கொழுப்பு' என்றும், இரண்டாம் பாதிக்குச் 'சோம்பேறித்தனம்' என்றும் பெயர் வைத்து, நோய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு வைத்தியமே எட்டவில்லை என்று கண்டது. தமிழ்நாடும் அந்தக் கணக்கில் சேர்ந்த மாநிலம்தான்.

இந்த நோயில் விழுந்து, எழுந்து, மருந்தோடு ஒழுங்காக வாழ்கிற ஒருவரைப் புதிதாக விழுந்தவருக்குத் துணையாக உட்காரவைக்க வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். செய்கிற வேலைக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கோட்டக்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையோடு ஒட்டிக்கொண்டு, ஆனால் நிர்வாகத்தில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிற கடலோர ஊர். ஆஸ்பத்திரிக்கு அங்கே பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலிருந்து தொலைவிலுள்ள எத்தனையோ ஊர்களுக்கு வாய்க்காத பாக்கியம்!

ஆனால் நாவல் எழுதுகிறவன் புத்தி ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மனநோய்ப் பிரிவின் வாசலில் கோட்டக்குப்பத்து ஒரே தெருக்காரர்கள் இருவர் எதிரெதிரே வந்துவிட்டதாகக் கற்பனை செய்துபாருங்கள். ஒருவர் மகனுக்காக வந்திருக்கிறார். மற்றவர் தமக்காகவே வந்திருக்கிறார். "கண் டாக்டரைப் பார்க்க வந்தேன், அண்ணே" என்கிறார் ஒருவர். "நான் சும்மா, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க..." என்கிறார் மற்றவர். இருவருக்கும் தெரியும், இரண்டும் பொய் என்று. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும். சம்பந்தம் பேசி முடிகிற சமயமாக இருக்கும். அதனால் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, தனித்தனி பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். ஒரே தெருவில், ஒரே நோயோடு, ஒரே மாத்திரையோடு, இருபது வருஷம் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்துவிடலாம்! பஞ்சம் வைத்தியத்தில் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது.

"டாக்டர் சொன்னால் போதாதா? இவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவருக்கு உப்பைக்கொண்டே பதில் சொல்லுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்திக்குள் நின்று உப்பை வாரிக் குவிக்கிற வேலை எப்படிப்பட்டது என்பதை அந்தச் சாலையில் போகிறவர்கள் காரிலிருந்தபடியே பார்த்திருப்பார்கள். இருமுனை நோய்க்குப் பேர்போன மருந்தான லித்தியமும் ஓர் உப்புத்தான். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் — யுத்த காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர் — 1949-ல் பித்தேறிய பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். நல்ல மருந்து, பொல்லாத மருந்தும்கூட. அவர் முதலில் குணப்படுத்திய அந்த நோயாளியே மறு வருஷம் லித்தியத்தின் நஞ்சால் இறந்துபோனார். இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி அவ்வளவுதான். வியர்த்துக் கொட்டியோ, வயிற்றுப்போக்கிலோ உடம்பின் சோற்றுப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிற அவசரத்தில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். பார்க்கிறவர்கள், "குடித்திருக்கிறான்" என்பார்கள்.

இது எந்த டாக்டருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாசலில் நூறு பேர் காத்திருக்க, ஐந்து நிமிஷத்தில் அவர் சொன்னது நோயாளியின் காதில் விழுந்ததா? "தம்பி, வெயிலில் வேலைக்குப் போகிற நாளில் தண்ணீர்ப் பாட்டிலை மறக்காதே. எவனோ சொன்னான் என்று திடீரென்று உப்பை நிறுத்தாதே. இடுப்புவலி என்று மருந்துக் கடையில் வலி மாத்திரையை நீயாகக் கேட்டு வாங்கி விழுங்காதே, அதுவும் லித்தியத்தை ஏற்றிவிடும். நோன்பு மாதம் வருகிறதா? பிறை தெரிவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் போய்க் கேள். எனக்கு ஒரு தடவை கை நடுங்கிச் சோற்றைச் சிந்தினேன், அதனால் சொல்லுகிறேன்" என்று ஒருவன் சொன்னால் அது மறக்குமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி சொல்லிக்கொண்டே, தலைவலி வந்தவனை மட்டும் வாய் திறக்கவிடாத விசித்திர ஜனங்கள் நாம்!

இது புதுமையும் அல்ல. பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் ஆஸ்பத்திரிக்குக் கழுத்துக் கட்டி நோயோடு வந்து, குணமாகி, அங்கேயே ஊழியராகிவிட்டவர் பூஸ்ஸான். மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள, குணமான மனநோயாளிகளையே அவர் வேலைக்கு வைத்தார். அவர்கள் அடிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. 1797-ல் அங்கே நோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தவரும் அவரே. பெருமையை வெகுகாலம் டாக்டர் பினேல்தான் அனுபவித்தார் என்பது வேறு கதை. அதற்கு 204 வருஷத்துக்குப் பிறகு, 2001 ஆகஸ்டு 6-ல், நம் ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியோடு கிடந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். தர்காவுக்குப் போகாதே, குணசீலத்துக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. பிரார்த்தனை அவரவர் மனசு. சங்கிலி அப்படியல்ல, 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடுத்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு அருமையான ஏற்பாடும் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, "எனக்கு நோய் முற்றினால் இப்படி வைத்தியம் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள், என் சார்பில் பேச இன்னார்" என்று எழுதிவைக்கலாம். போய்ப்போய்த் திரும்பி வருகிற இந்த நோய்க்கென்றே எழுதியது போலிருக்கிறது. ஆனால் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? மூன்று நாள் தூக்கம் போனாலே வரப்போவதை உணர்ந்து, ஏ.டி.எம். அட்டையை மனைவியிடம் கொடுத்துவிடப் பழகிய ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால்தான், என்ன எழுதுவது என்பதே மற்றவனுக்கு விளங்கும்.

இனி ஆட்சேபங்கள். துணைக்கு வந்தவனுக்கே நோய் திரும்பினால்? லீவு கொடுங்கள், டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால் கொடுப்பதில்லையா! தன் மாத்திரையை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டால்? இது நியாயமான பயம். அதற்குத்தான் பயிற்சி, அதற்குத்தான் மேலே ஒரு டாக்டர். ரகசியத்தை ஊரில் சொல்லிவிட்டால்? இதுவும் நியாயம், கோட்டக்குப்பத்துக்காரருக்குக் கோட்டக்குப்பத்துக்காரர்தான் வேண்டுமென்பதில்லை, மரக்காணத்திலிருந்து ஒருவர் வரட்டும். பலன் உண்டா என்றால், இங்கிலாந்தில் 441 பேரிடம் சோதித்து 2018-ல் 'லான்செட்' பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். பட்டவரின் துணை கிடைத்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் அவசரச் சிகிச்சைக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 29, கிடைக்காதவர்களில் 38. அற்புதம் இல்லை. ஒன்பது குடும்பம் நிம்மதியாகத் தூங்கியது என்று நான் அதை வாசிக்கிறேன். சீமைக் கதை வேண்டாமென்றால் குஜராத்தைப் பாருங்கள். 2014 தொடங்கி அரசாங்க மனநல ஆஸ்பத்திரிகளில் பட்டவர்களுக்கே பயிற்சி கொடுத்துத் துணைக்கு வைத்துப் பார்த்தார்கள்.

"சேவை மனப்பான்மையோடு இலவசமாகச் செய்யட்டுமே" என்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஊழியர் பட்டியலில் டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ், பதிவேடு எழுதுகிறவர் எல்லோருக்கும் சம்பளம் உண்டு. நோயால் உத்தியோகம் போனவன், கடன்பட்டவன், அவன் மட்டும் தர்மத்துக்கு உழைக்க வேண்டுமா?

பெண்களுக்குத் தனியாக ஒரு பெண்ணே வேண்டும். ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்கு அவர்கள் வரமாட்டார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்க, பிரசவத்துக்குப் பிறகு நோய் கிளம்பிய பெண், மாமியாரிடமா மனத்தைத் திறப்பாள்? "அதற்கெல்லாம் ஆள் எங்கே கிடைக்கும்?" என்று ஓர் அதிகாரி கேட்டாராம். மருந்துச் சீட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வரிசையை அவர் ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கட்டும்.