கைக்கு அளவு கேட்பார் இல்லை

மாத முடிவு வந்தாலே என் வலது மணிக்கட்டு கெஞ்சத் தொடங்கிவிடும். கணக்கு வேலை எனக்கு. சில நாள் ஒஸ்லோ நகரத்து அலுவலகம், சில நாள் மோர்டென்ஸ்ருட் வீட்டு மேசை. எங்கே இருந்தாலும் மவுஸ் படுத்தும் பாடு ஒன்றுதான்.

அலுவலக மேசை பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். நாற்காலியையும் அவரவர் முதுகுக்கு ஏற்பத் திருப்பி வைக்கலாம். வேலை செய்பவரின் உடம்புக்குக் கேடு வராதபடி வேலையிடம் அமைய வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் நோர்வே வேலைச்சூழல் சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் நாள் முழுக்கக் கை பிடித்திருக்கும் சாமானுக்கு மட்டும் யாரும் அளவு கேட்பதில்லை. ஆறடி உயர ஆளுக்கும், சின்னக் கைக்காரியான எனக்கும், இடக்கைக்காரருக்கும் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டுவது ஒரே மவுஸ். செருப்பைக்கூட அளவு பார்த்துத்தானே வாங்குகிறோம்?

அளவு மட்டுமல்ல, வடிவமும் சிக்கல்தான். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று குறுக்கிட்டு முறுகிக்கொள்ளும். அப்படியே மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே வளைத்து, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964-இல் மரப்பெட்டியில் செய்த முதல் மவுஸையும் கையைக் கவிழ்த்துத்தான் பிடித்தார்கள். அடியில் ஓடிய சக்கரம் உருண்டையாகி, பிறகு ஒளியாகிவிட்டது. வால் போன்ற வயரும் போய்விட்டது. முறுகிய கை மட்டும் முறுகியபடியே இருக்கிறது.

மாற்று வழி தெரியாமல் இல்லை. இதே நோர்வேயில் ஆய்வாளர் ஆர்னே ஓரோஸும் அவருடன் சேர்ந்தவர்களும், வலியால் அவதிப்பட்ட கணினிப் பணியாளர்களிடம் கையை நிமிர்த்திப் பிடிக்கும் மவுஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கழுத்து, தோள், முன்கை, மணிக்கட்டு வலி குறைந்ததைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் மணிக்கட்டு வீங்கி மருத்துவரிடம் போனவருக்குத்தான் அந்த மாதிரி மவுஸ் வாங்கித் தர யோசிக்கிறார்கள். வலி வருமுன் கொடுத்தால் என்ன?

மவுஸ் நீடித்து உழைப்பதும் இல்லை. இடது பொத்தானுக்கு அடியில் மெல்லிய செப்புத் தகடு ஒன்று வில்லாக வளைந்து இருக்கும். நாளடைவில் அது தேய்ந்து துள்ளத் தொடங்கும். ஒரு தட்டு தட்டினால் கணினிக்கு இரண்டு தட்டாகப் போய்ச் சேரும். ஒரு கோப்பை நகர்த்தப் போனால் அது திறந்துகொள்ளும். ஒரு வரியைத் தெரிந்தெடுத்தால் பாதியில் கைவிட்டுவிடும். பிழை நம் விரலில்தானோ என்று வேறு குழம்புவோம். “அம்மா, புதுசு வாங்குங்கோவன்” என்கிறான் மகன். ஏன் வாங்க வேண்டும்? பழுதானது அந்தச் சின்னஞ்சிறு சுவிட்ச்தான். ஆனால் பல மவுஸ்களில் அடியில் ஒட்டிய வழுக்குப்பட்டையைக் கிழித்துத்தான் திருகாணியையே பார்க்க முடியும். உள்ளே போனால் பற்றவைப்புக் கோலும் வேண்டும். பழையதைக் கடைக்காரர் இலவசமாகத் திருப்பி எடுப்பார், அது சட்டம். பழுதுபார்த்துத் தரத்தான் ஆள் இல்லை.

பெரிய நிறுவனங்களே இப்படித்தான். ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த மேஜிக் மவுஸ் 2-க்கு மின்னேற்றும் துளை வயிற்றில். வயரைச் செருகினால் மல்லாந்து கிடக்கும்; வேலை செய்ய முடியாது. 2024-இல் துளையின் வகையை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. பார்வைக்கு அழகு போதும், பாவிப்பவர் பாடு பாவிப்பவரோடு என்பதுதானே இதற்கு அர்த்தம்?

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. இடக்கைக்கும் ஒன்று. கையை முறுக்காத வடிவம். திருகாணியைக் கழற்றிச் சுவிட்சையும் பட்டரியையும் நாமே மாற்றும் வசதி. மேசைக்கும் நாற்காலிக்கும் அளவு கேட்கும் முதலாளிமார் ஒரு தடவை எங்கள் கையையும் பார்க்கட்டும். சம்பளம் தருவது அந்தக் கை செய்யும் வேலைக்குத்தானே.