திரும்பப் பெற முடியாத சரக்கு

கால் பெருவிரலின் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் வேதனைதான். குதிகால் தரையைவிட்டு எழும்போதெல்லாம் அம்மூட்டு மடங்கியாக வேண்டும். குந்தியமர்ந்து உழைப்போருக்கு அது மடங்காவிட்டால் வேலையே ஓடாது. முற்றிய நிலையில் நெடுங்காலமாக நிலைபெற்ற சிகிச்சை, இரு எலும்புகளையும் திருகாணியிட்டு இணைத்துவிடுவது. வலி நீங்கும், அசைவும் நீங்கும். அசைவையும் காத்துத் தருவோம் என்ற வாக்குறுதியோடு சந்தைக்கு வந்தவையே செயற்கைப் பொருத்திகள்.

அவற்றுள் ஒன்று 'கார்ட்டிவா'. பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன, நீர்ச்சத்து மிகுந்த சிறு உருளை. எலும்பின் தலையில் துளையிட்டுப் பதிக்கப்படுவது. கனடாவிலும் பிரிட்டனிலும் சுமார் 200 பேரிடம் நடந்த ஆய்வைக் கொண்டு 2016 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதியளித்தது. 2018இல் இந்நிறுவனத்தை ரைட் மெடிக்கல் விலைக்கு வாங்கியது. 2020இல் ரைட் மெடிக்கலையே ஸ்டிரைக்கர் விழுங்கியது. உருளை கைமாறவில்லை, அதன்மீதான லாபம் கைமாறியது. 2024 அக்டோபரில், உருளை எலும்புக்குள் அமிழ்வதும் அதை அகற்ற நேர்வதும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கூறி ஸ்டிரைக்கர் அதனைத் 'திரும்பப் பெற்றது'.

இச்சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் பேனா தயங்குகிறது. கிடங்கிலுள்ள சரக்கைத் திரும்பப் பெறலாம். எலும்புக்குள் இருப்பதை, நோயாளி மீண்டும் கத்திக்கு உடன்பட்டால்தான் எடுக்க முடியும்.

இந்திய நோயாளிகள் இதை இடுப்பு மூட்டில் அனுபவித்துவிட்டார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டெபூயின் ஏஎஸ்ஆர் மூட்டு பழுதானது என்பதை ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு முன்னதாகவே காட்டிக்கொடுத்தது. அங்கு 2009 இறுதியில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க நோயாளிகளுக்கு 2013இலேயே சுமார் 250 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. இங்கோ, ஏறத்தாழ 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தும் ஒன்றிய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017இல்தான். அதற்குள் பெரும்பாலோர் எங்கிருக்கிறார்கள் என்பதே தெரியாமற்போயிற்று. எவர் உடலில் எது இருக்கிறது என்று எழுதி வைத்த ஏடு இல்லை.

2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் விலை குறைந்த பழுதான மூட்டும் பழுதான மூட்டுதான். மருத்துவர் சங்கம் தன்னார்வமாக நடத்தும் பதிவேட்டை நம்பி இதை விட்டுவிட இயலாது. பெருவிரல் உருளை உட்பட ஒவ்வொரு பொருத்திக்கும் கட்டாய அரசுப் பதிவேடு வேண்டும். அதன் எண் நோயாளியின் மொழியில் அவர் கைக்கு எழுத்துமூலம் வர வேண்டும். பழுதானால் மறு அறுவைச் சிகிச்சையின் செலவும், இழந்த நாட்களின் கூலியும், நிறுவனம் எத்தனை முறை கைமாறியிருந்தாலும், இன்றைய உரிமையாளர் கணக்கில் சேர வேண்டும்.