கருவும் அன்று, பேயும் அன்று

'ஸ்டெம் செல்' என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் 'கருக்கொலை' என்று தீர்ப்பெழுதிவிடும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. மனநோயாளரின் தோலிலிருந்து அணுக்களை எடுத்து ஆராய்வதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகின்றனர். இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகா, 2006-இல் சுண்டெலியின் தோலணுக்களுள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, பல்வகை அணுக்களாக வளரவல்ல இளநிலைக்கு அவற்றைத் திருப்பினார். மறு ஆண்டே மனித அணுவிலும் அது கைகூடிற்று. இதில் எந்தக் கருவும் அழிக்கப்படுவதில்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏடு, உயிருள்ள கருவை அழித்து அணுக்களைப் பெறுவதைக் கண்டித்தது. வளர்ந்தவரின் திசுக்களிலிருந்து பெறுவதை ஏற்றது. ஏட்டைப் படியாமலேயே ஏட்டின் பெயரால் முழங்குவோரை என்னென்பது?

உயிருள்ளவரின் மூளையை வெட்டிப் பார்க்க இயலாது. எலியைக் கொண்டு ஆராயலாமெனில், அதன் காதில் இல்லாத குரல்கள் கேட்கின்றனவா என்று யாரறிவார்? ஆதலால்தான் 2011-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தார் மனச்சிதைவு நோயாளர் நால்வரின் தோலணுக்களிலிருந்து நரம்பணுக்களை வளர்த்தனர். அவற்றினிடையே இணைப்புகள் குறைந்திருந்தன. லாக்ஸபின் என்னும் மருந்து அக்குறையை ஓரளவு தணித்தது. 2015-இல் இருமுனை மனநோயாளரின் நரம்பணுக்கள் அளவுமீறிக் கிளர்வதை அங்கேயே கண்டனர். லித்தியம் அக்கிளர்ச்சியை அடக்கியது. ஆனால், லித்தியத்தால் ஏற்கெனவே குணங்கண்டவரின் அணுக்களில் மட்டுமே. நோய் அணுவரை இறங்கி நிற்கையில், 'தாய் வளர்த்த விதம்', 'முன்னோர் சாபம்', 'பேயின் வேலை' என்று ஒரு வீட்டார் தலையில் பழி சுமத்துவது எவ்வகை அன்பு? பெங்களூரிலும் நிம்ஹான்ஸ் முதலிய நிறுவனங்கள், ஒரே குடும்பத்தில் பலர் நோயுற்றிருப்போரின் அணுக்களை இவ்வாறே ஆராய்ந்துள்ளன.

ஆய்வாளரிடமும் நமக்கு வழக்குண்டு. கண்ணாடித் தட்டில் வளர்வது பிறவாக் குழந்தையின் மூளையணுவை ஒத்த இளம் அணு. அதற்கு வறுமையில்லை, தனிமையில்லை. அதை நோயாளராகவே எண்ணி மருந்து கண்டுவிட்டோமென்று பறைசாற்றுவது அவசரம். அதனினும் பெரிது சம்மதம். 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கருப்பினப் பெண்ணின் புற்றணுக்களை அவரறியாமலே எடுத்து உலகெங்கும் வளர்த்தனர். மனநோயாளரை அவ்வாறு ஏய்ப்பது இன்னும் எளிது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஆய்வுக்கு நோயாளரின் சம்மதத்தைக் கோருகிறது. எனவே, அவர் தெளிந்திருக்கும் நாளில், அவருக்கு விளங்கும் தமிழில், அவரிடமே கேட்கட்டும். அண்ணன் வைத்த கைந்நாட்டு போதாது.